பல்லைக் கடிங்க

பந்தலுக்குள் வருகிறவர்களில் சத்தம் போடுகிறவரை டாக்டரம்மா முதலில் பார்ப்பதில்லை. சத்தம் வருகிறது என்றால் மூச்சு ஓடுகிறது. வாயைத் திறக்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர் யார் என்றுதான் அவர் கண் தேடுகிறது.

அன்னவாசல் பக்கத்து ஊர் அது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிச் சாமியானா போட்டிருக்கிறார்கள். இரும்புக் கட்டில்கள், ஒரு மடக்கு மேசை, அதன்மேல் பஞ்சுச் சுருள், சலைன் பாட்டில், கையுறைப் பெட்டி, எவர்சில்வர் தட்டில் கத்தரியும் இடுக்கியும். மூலையில் சீட்டெழுதும் சிஸ்டர். வெளியே 108 வண்டி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. வாடிவாசல் இங்கிருந்து தெரியாது. ஒலிபெருக்கி மட்டும் கேட்கும். "ஒருத்தர் மட்டும் புடி... ரெண்டு பேரு புடிச்சா பரிசு கெடையாது... ஏ பச்சைப் பனியன், வாலைப் புடிக்காத!" மைக்கில் குரல் உயர்ந்து, கூட்டம் ஓவென்று இரைந்து, சட்டென்று அடங்கினால் கொஞ்ச நேரத்தில் பந்தலுக்கு ஆள் வரும். சிஸ்டர் அந்த அடங்கலைக் கேட்டதும் புதுச் சீட்டில் தேதியை எழுதிவிடுகிறார்.

தமிழ்நாட்டில் வாடிவாசல்கள் அதிகமுள்ள மாவட்டம் என்று புதுக்கோட்டைக்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். மாவட்டமே 1974-இல் பிறந்தது பொங்கல் நாளில்தான், ஜனவரி 14. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில், மாதா கோவில் திருவிழாவை ஒட்டி, பொங்கலுக்கும் முன்பே நடந்துவிடும். அப்புறம் வைகாசி வரைக்கும் ஊர் மாற்றி ஊர். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்து, 2017-இல் மெரினா திரண்டு சட்டம் வந்து, 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்ன கதை ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் வந்த விதிகளில் ஒன்றுதான் இந்தப் பந்தல். டாக்டர் வந்து உட்கார்ந்தால்தான் முதல் மாடு அவிழும்.

நாலு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். பனியன் முழுக்க ரத்தம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று நாலு பேரும் கத்த, தூக்கி வரப்படுகிறவன் அவர்களைவிடச் சத்தமாக, "விடுங்கடா, நடந்தே வருவேன்" என்கிறான்.

"பேரு என்ன தம்பி?"

பேர் சொல்கிறான், ஊர் சொல்கிறான், கேட்காமலே பிடித்த மாட்டின் கணக்கும் சொல்கிறான். இன்னும் ரெண்டு பிடித்தால் பைக் அவனுக்குத்தானாம். டாக்டரம்மாவின் முகம் லேசாகத் தளர்கிறது. குரல் தெளிவு, பேச்சில் குழப்பமில்லை. ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்தால் ரத்தத்துக்குள்ளிருந்து ஒரு முகம் வெளியே வருகிறது. புருவம் பிளந்திருக்கிறது, அவ்வளவுதான். முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம். ஒரு விரற்கடை வெட்டுக்குப் பனியனை நனைத்துவிடும். அவர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, கட்டைவிரலால் கண்குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் தடவுகிறார். படிக்கட்டுப்போல எங்கேயும் இறங்கவில்லை. "இவருக்குத் தையல், டிடி ஊசி" என்று பயிற்சி டாக்டரிடம் தள்ளிவிடுகிறார். தூக்கி வந்த நாலு பேருக்கும் ஏமாற்றம்தான். இவ்வளவு ரத்தத்துக்கு இவ்வளவு குறைந்த கவனமா?

அடுத்தவன் வாயைக் கையால் பொத்தியிருக்கிறான். முன்பல் ஒன்று இல்லை. கூட வந்தவன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரிக்கிறான். பல், வேரோடு. "மண்ணாக் கெடந்துச்சு மேடம், பைப்புல தேய்ச்சுக் கழுவிட்டேன்" என்கிறான் பெருமையாக. டாக்டரம்மா கண்ணை மூடித் திறக்கிறார். தேய்த்திருக்கக் கூடாது. வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு உயிரோடு இருந்தால்தான் பல் திரும்பப் பிடிக்கும். காய்ந்தால் செத்துப்போகும், ஒரு மணி நேரம் தாண்டினால் நம்பிக்கை குறைவு. அவர் பல்லின் தலையை மட்டும் பிடித்துத் தூக்கி, "பால் வாங்கிட்டு வா, காய்ச்சாத பால், ஓடு" என்கிறார். டீக்கடைப் பையன் டம்ளரோடு வந்து, "சர்க்கரை வேணாமாக்கா?" என்று கேட்டுவிட்டு, பால் டம்ளருக்குள் பல் இறங்குவதைப் பார்த்து ஒரு அடி பின்னால் போகிறான்.

பல் கைக்குட்டையில் வராமல் இருந்திருந்தால் தேட வேண்டியிருந்திருக்கும் என்று பயிற்சி டாக்டருக்கு அவர் மெதுவாகச் சொல்வது காதில் விழுகிறது. இல்லாத ஒவ்வொரு பல்லுக்கும் கணக்கு வேண்டும். மண்ணில் இருக்கலாம், கிழிந்த உதட்டுச் சதைக்குள் இருக்கலாம், மூச்சோடு நெஞ்சுக்குள்ளும் போயிருக்கலாம். கணக்கில் வராத பல்லுக்கு நெஞ்சு எக்ஸ்ரே.

அப்புறம் ஒரு மூக்கு. குளம்பா, கொம்பா, பக்கத்து ஆளின் முழங்கையா என்று பட்டவருக்கே தெரியவில்லை. மூக்குத்தண்டு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்து மூக்கின் ஓட்டைக்குள் பார்க்கிறார். கோணலை நாலு நாள் கழித்து, வீக்கம் வடிந்த பின்னால்கூட நிமிர்த்தலாம். நடுச்சுவரில் ரத்தம் கட்டிப் புடைத்திருந்தால் காத்திருக்க முடியாது. அடைபட்ட ரத்தம் குருத்தெலும்பைச் சாகடித்து, மூக்கு பின்னாளில் குழிந்து போகும். புடைப்பு இல்லை. ரத்தத்தோடு தண்ணீர்போல ஏதும் சொட்டுகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்கிறார். அப்படிச் சொட்டினால் அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். அதுவும் இல்லை. "மூக்கைச் சிந்தாதீங்க அண்ணே. எவ்வளவு அடைச்சாலும் சிந்தாதீங்க." அவர் தலையாட்டிவிட்டு, பந்தலைத் தாண்டியதும் ஓங்கிச் சிந்துகிறார். சிஸ்டர் அங்கிருந்தே ஒரு சத்தம் போடுகிறார்.

இந்த நேரமெல்லாம் ஓரக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பதுக்குள் இருக்கும். மாடு அவிழ்க்க வந்தவர், பிடிக்க வந்தவர் இல்லை. காளைகளைத் திரும்பப் பிடிக்கும் இடத்தில் கயிற்றோடு நின்றவரை வேறு யாருடைய மாடோ தட்டிவிட்டிருக்கிறது. தடுப்புக் கம்பியில் மோவாய் மோதியிருக்கிறது. களத்தில் மட்டுமில்லை, அந்த இடத்திலும் பலருக்கு அடிபடுகிறது. 2019 ஜனவரி 20-இல் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேல் காளைகளை அவிழ்த்து உலக சாதனை என்றார்கள். அன்று செத்துப்போன இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கொம்புக்குப் பெயர்ப் பதிவும் நம்பர் பனியனும் தெரியாது.

இவர் மோவாயில் சின்னச் சிராய்ப்பு. துண்டை மடித்து வாயோரம் வைத்திருக்கிறார். ரத்தம் அதிகமில்லை. ஆனால் துண்டு எச்சிலால் ஈரமாகிக்கொண்டே இருக்கிறது. விழுங்காமல் வழிய விடுகிறார். கூட இருக்கும் மைத்துனர், "படுங்க மாமா, கொஞ்சம் படுங்க" என்று தோளைப் பிடித்துச் சாய்க்கிறார். இவர் சாய மறுக்கிறார்.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று வருகிறார். "படுக்க வைக்காதீங்க! அவரு உக்காந்திருக்கட்டும், முன்னால குனிஞ்சு." கீழ்த்தாடையின் முன்பகுதி உடைந்தால் நாக்குக்குப் பிடிமானம் போய்விடும். மல்லாக்கப் படுத்தால் நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கும். அடிபட்டவரின் உடம்புக்கு அது தெரிந்திருக்கிறது, பாசத்தோடு தோளைச் சாய்க்கிறவருக்குத் தெரியவில்லை. சோடா உடைத்துக்கொண்டு வந்தவரையும் திருப்பி அனுப்புகிறார். அறுவை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

கழுத்தின் பின்புறம் எலும்பெலும்பாக அழுத்திக் கேட்கிறார். வலியில்லை என்று கை ஆடுகிறது. அவருக்குப் பின்னால் போய் நின்று, தலைக்கு மேலிருந்து கீழே குனிந்து இரண்டு கன்னங்களையும் ஒப்பிடுகிறார். எதிரில் நின்று பார்த்தால் வீக்கம் ஏமாற்றும், மேலிருந்து பார்த்தால் உள்ளே அமுங்கிய கன்ன எலும்பு காட்டிக்கொடுத்துவிடும். பிறகு விரல்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. நெற்றி, கண்குழி, மூக்குத்தண்டு, கன்னத்து வளைவு. ஒரு கையால் நெற்றியைப் பிடித்து, மறுகையால் மேல்வரிசை முன்பற்களைப் பிடித்து மெல்ல ஆட்டுகிறார். ஆடவில்லை.

மேல்தாடை ஆடுவதற்கென்று ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் இருக்கிறது. லில் நகரத்து ரெனே லெ ஃபோர், 1901-இல், இறந்தவர்களின் 35 தலைகளை விதவிதமாக மோதியும் அடித்தும் பார்த்து, நடுமுகம் கண்டபடி நொறுங்குவதில்லை, மூன்று கோடுகளில்தான் பிளக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்தக் கோடுகளைப் பார்ப்பதற்கு அவர் சதையை நீக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மாவுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் இவ்வளவு கேள்வி.

"பல்லைக் கடிங்க."

கடிக்கிறார். டாக்டரம்மா உதட்டை விலக்கிப் பார்க்கிறார்.

"முன்ன மாதிரிச் சேருதா? இல்ல மாறியிருக்கா?"

அவர் கண் விரிகிறது. கையை அசைத்து, இல்லை, இல்லை என்கிறார். அடிபட்டதிலிருந்து அவர் சொல்ல நினைத்தது அதுதான் போலிருக்கிறது. இடப்பக்கக் கடைவாய்ப்பல் முந்திக்கொண்டு தட்டுகிறது, முன்னால் மூடவில்லை. இத்தனை வயதுவரை சோறும் கறியும் மென்ற வாய்க்கு, மேல்பல்லில் கீழ்ப்பல் எங்கே உட்கார வேண்டும் என்று மயிரிழை பிசகாமல் தெரியும். எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு முன்னால் அது கண்டுபிடித்துவிடுகிறது. யாராவது கேட்க வேண்டும்.

கீழ்வரிசையில் வலது கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் இடைவெளி விழுந்து, ஈறு கிழிந்து, ஒரு பல் உயரமும் அடுத்தது பள்ளமுமாக இருக்கின்றன. நாக்கைத் தூக்கச் சொன்னால் அடியில் கருநீலமாக ரத்தம் கட்டியிருக்கிறது. பஞ்சு நுனியால் கீழுதட்டைத் தொட்டு, "தெரியுதா?" என்கிறார். இடப்பக்கம் தெரிகிறது. வலப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. அந்த உதட்டுக்குப் போகும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடி வருகிறது. எலும்பு விலகினால் நரம்பும் இழுபடும்.

மைத்துனருக்கு இதோடு முடிந்தது என்று தோன்றியிருக்க வேண்டும், எழுந்துவிட்டார். டாக்டரம்மா எழவில்லை. கைமுறுக்கை உடைத்துப் பாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் உடையாது. தாடையும் மண்டையோட்டின் அடியோடு சேர்ந்து ஒரு வளையம். முன்னால் ஒரு முறிவு கண்டால் பின்னால் இன்னொன்றைத் தேட வேண்டும். இரண்டு காதுகளின் முன்னாலும் விரலை வைத்து, "வாயைத் திறங்க" என்கிறார். வாய் பாதிகூடத் திறக்கவில்லை. மூன்று விரல் செங்குத்தாக நுழைய வேண்டிய வாய் அது. திறந்த அளவுக்கு மோவாய் நேராக இறங்காமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது. வலது காதின் முன்னால் எலும்பு விரலுக்கடியில் வழுக்கி நகர்கிறது. இடப்பக்கம் ஒன்றும் அசையவில்லை. அங்கே தொட்டதும்தான் மனிதர் முதல் தடவையாக முனகுகிறார்.

மோவாயில் பட்ட அடி காதருகில் போய் உடைத்திருக்கிறது. தாடையின் மூட்டுக் கழுத்து மெலிந்தது. மெலிந்திருப்பதும் ஒருவகையில் நல்லது. அது உடையாமல் முட்டினால் மண்டைக்குள் ஏறிவிடவும் கூடும். அணிவகுப்பில் மணிக்கணக்காக விறைத்து நின்று, மயங்கி அப்படியே மோவாய் தரையில் பட விழும் சிப்பாய்களுக்கு நடுவிலும் இரண்டு காதோரமும் உடையும். மருத்துவப் புத்தகங்களில் அதற்குக் காவற்படைக்காரர் முறிவு என்றே பெயர். மோவாய்ச் சிராய்ப்போடு வருகிற யாரையும் டிங்சர் தடவி அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

மரச்சப்பைக் குச்சி ஒன்றை நீட்டி, "கடிச்சுப் புடிங்க" என்கிறார். நல்ல தாடையாக இருந்தால், அவர் குச்சியைத் திருகத் திருகக் கடி விடாது, குச்சிதான் முறியும். லேசாகத் திருகியதும் இவர் கடியை விட்டுவிடுகிறார். குச்சி முழுசாகத் தட்டுக்குத் திரும்புகிறது.

மைத்துனர் இப்போது வேறு யோசனையில் இருக்கிறார். "எங்க ஊருக்குப் பக்கத்துல எண்ணெய்க் கட்டு போடுறவரு ஒருத்தர் இருக்காரு மேடம். எனக்குக் கை ஒடிஞ்சப்ப அவருதான். இப்ப மூட்டை தூக்குறேன்." கையை மடக்கியும் காட்டுகிறார். நன்றாகத்தான் மடங்குகிறது.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. "கைக்கு மூங்கில் தப்பை வச்சுக் கட்டினாரு, சரி. தாடைக்கு எங்க வைப்பாரு? இதுக்குப் பல்லுதான் தப்பை. மேல்வரிசை நல்லா இருக்கு. அதோட கீழ்வரிசையைப் பொருத்திக் கம்பியால கட்டினா எலும்பு பழைய இடத்துக்கு வந்துரும். பட்டை வச்சு ஸ்குரூ போடவும் வேண்டியிருக்கும். அதைப் படம் எடுத்துப் பாத்துச் சொல்லுவாங்க." சொல்லிக்கொண்டே மெல்லிய கம்பி ஒன்றை உடைந்த இடத்தின் இரண்டு பக்கப் பற்களிலும் சுற்றி முறுக்குகிறார், வழியில் ஆடாமல் இருக்க. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல் இதே இடத்தில் தங்கக் கம்பியோ நூலோ போட்டுக் கட்டச் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் முடிச்சு பெரிதாக மாறவில்லை. முறுக்க முறுக்க இடைவெளி மூடுகிறது. மனிதரின் தோள்கள் இறங்குகின்றன. உடைந்த முனைகள் உரசாமல் நின்றாலே வலி பாதி போய்விடும்.

"எங்க மேடம், திருச்சிக்கா?"

"புதுக்கோட்டைக்கே. முள்ளூர் பெரியாஸ்பத்திரி."

மைத்துனர் நம்பாமல் பார்க்கிறார். அவர் நினைவில் முகம் உடைந்தால் திருச்சி அல்லது தஞ்சாவூர். முள்ளூரில் மருத்துவக் கல்லூரி வந்தது 2017-இல். 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள். சென்னை, சிதம்பரத்துக்கு அடுத்து தமிழ்நாட்டில் மூன்றாவது. அங்கே வரிசையில் நிற்கும் தாடைகளில் மாடு முட்டியவை தையிலிருந்து வைகாசி வரைதான் கண்ணில் படும். வருஷம் பூராவும் வருகிறவை டூவீலரில் விழுந்தவை. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க்கின்மேல் வைத்து ஓட்டினால் டேங்க் பத்திரமாக இருக்கும்.

"எத்தன நாளைக்கு வாயக் கட்டுவாங்க?" வந்து சேர்ந்திருந்த மனைவி கேட்கிறார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். காதுக்கிட்ட உடைஞ்சதுக்குச் சீக்கிரமே அவுத்துப் பழக்கணும், இல்லாட்டி மூட்டு இறுகிப்போயிரும். கூழு, பருப்புத் தண்ணி, முட்டைய அடிச்சுப் பால்ல. எல்லாம் உறிஞ்சுறாப்புல. கட்டு இருக்கிறவரைக்கும் தலமாட்டுல கம்பி வெட்டுற குறடு ஒண்ணு வச்சிருங்கம்மா. வாந்தி வந்தா வெட்டிவிடணும். யோசிக்கக் கூடாது."

"எந்தக் கம்பிய?" என்று அவர் திருப்பிக் கேட்கிறார். டாக்டரம்மா சீட்டின் பின்பக்கத்தில் பல்வரிசை இரண்டையும் வரைந்து, வெட்ட வேண்டிய இடங்களில் கோடு போட்டுக் காட்டுகிறார். மனைவி அதை வாங்கி மடிக்காமல் பிடித்துக்கொள்கிறார்.

இதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மேடைக் கட்டையில் கன்னம் இடித்ததாம். முகத்தில் ஒரு கீறல் இல்லை, கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வாந்தி மட்டும் எடுத்திருக்கிறான், வெயில் என்கிறார்கள். டாக்டரம்மா நாடியைப் பிடித்ததும் புருவம் நெரிகிறது. பயந்த பையனுக்கு ஓட வேண்டிய நாடி மெதுவாக அடிக்கிறது. "என் விரலையே பாரு. மேல பாரு." ஒரு கண் மேலே போகிறது, மற்றது பாதியில் நிற்கிறது. "ரெண்டு ரெண்டாத் தெரியுதுக்கா" என்கிறான். சின்ன வயசில் கண்குழி எலும்பு வளைந்து திறந்து, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். இழுபடும் தசை நாடியையும் தாழ்த்தும். தலைக்குள் அடியிருந்தாலும் இப்படி வரலாம். இரண்டில் எதுவானாலும் இங்கே வைத்துப் பார்க்கிற விஷயமில்லை. "இவனையும் வண்டியில ஏத்துங்க. தலைக்கு சிடி. கண் டாக்டரையும் கூப்பிட்டுச் சொல்லுறேன்." அதே வண்டியில் தாடைக்காரர் உட்கார்ந்தபடி, பையன் படுத்தபடி.

கேமராவோடு நிருபர் ஒருவர் பந்தலுக்குள் வருகிறார். தையல் முடிந்து ரத்தப் பனியனோடு உட்கார்ந்திருக்கும் புருவக்காரன் நிமிர்ந்து உட்கார்கிறான். அவனை இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு, சிஸ்டரிடம் எண்ணிக்கை கேட்கிறார். எத்தனை பேர் காயம், அதில் பலத்த காயம் எத்தனை. சிஸ்டர் சீட்டுக் கட்டைப் புரட்டி, வண்டியில் ஏறுகிற இரண்டு பேரைக் காட்டுகிறார்.

நிருபர் அந்தப் பக்கம் பார்க்கிறார். தலையைச் சுற்றித் துணி கட்டிய ஒரு பெரியவர், கன்னத்தில் ஒன்றுமில்லாத ஒரு பையன்.

"அவருக்கு என்ன, பல்வலியா?"

"தாடை ரெண்டு எடத்துல," என்கிறார் 108 அண்ணன், கதவைப் பிடித்தபடி.

"பேரு?"

பெரியவர் வாயைத் திறக்கப் போகிறார். "பேசாதீங்க!" என்று பந்தலுக்குள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல். மைத்துனர்தான் இனிஷியலோடு பெயரைச் சொல்லி, அது சரியாக விழுந்திருக்கிறதா என்று நிருபரின் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுகிறார்.